பழி நோனி ஜூஸ் மேல, பொட்டாசியம் உப்பு ஜாடிக்குள்ள: ஒரு கடலூர் கேஸ்

கடலூர்-பாண்டி ரோட்டுல இருக்கற ஒரு தனியார் ஆஸ்பத்திரில டயட்டீஷியனா இருக்கேன். ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்ச கேஸ் இது, பேஷண்ட் வீட்டுல கேட்டுட்டுத்தான் எழுதறேன், ஆள் அடையாளம் தெரியக்கூடாதுன்னு ஒண்ணு ரெண்டு விவரம் மட்டும் மாத்தியிருக்கேன். இதுல என் தப்பும் ஒண்ணு இருக்கு, அது நடுவுல வரும்.

கத்திரி வெயில் நேரம். காலைல ஆறேகாலுக்கு ஒரு ஐயாவ ரெண்டு பேர் கைத்தாங்கலா தூக்கிட்டு வந்தாங்க. வயசு 66, பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு, மஞ்சக்குப்பம் பக்கம் வீடு. முந்தின நாள் சாயங்காலத்துல இருந்தே கால் ரெண்டும் வலு இல்லாம இருந்திருக்கு, ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கப் பாத்தா முடியல. "காலு ரெண்டும் என்னுது மாதிரியே இல்லம்மா"னு சிஸ்டர்கிட்ட சொல்லியிருக்காரு. வீட்டுல எல்லாரும் பக்கவாதம்னுதான் பயந்து கூட்டிட்டு வந்தாங்க. ஆனா பேச்சு குழறல, வாய் கோணல, ரெண்டு காலும் ஒரே மாதிரி தளர்ந்திருக்கு. பல்ஸ் 42. பிபி 100/60. சுகர் 212, அதனால லோ சுகரும் இல்ல.

ஈசிஜி எடுத்தாங்க. அந்த பேப்பரை அப்புறம் நானும் பாத்தேன், டி அலை ஒவ்வொண்ணும் கோபுரம் மாதிரி கூரா நிக்குது, பி அலை இருக்கவேண்டிய எடத்துல வெறும் கோடு, கியூஆர்எஸ் அகலமா விரிஞ்சு கெடக்கு. ரத்தத்துல பொட்டாசியம் ரொம்ப ஏறினா ஈசிஜி இப்படித்தான் ஆகும், காலும் தளரும். ட்யூட்டி டாக்டர் சின்னப் பையன்தான், படிச்சு முடிச்சு ரெண்டு வருஷம் கூட இருக்காது, ஆனா லேப் ரிசல்ட்டுக்கு காத்திருக்கல, கால்சியம் குளுக்கோனேட் 10 மில்லி எடுத்து நரம்புல மெதுவா போட ஆரம்பிச்சுட்டாரு. அந்த ஊசி ரத்தத்துல பொட்டாசியத்தை ஒரு துளி கூட குறைக்காது, இதயம் தாறுமாறா துடிக்காம கொஞ்ச நேரத்துக்கு காவல் நிக்கும், அவ்வளவுதான். அந்த கொஞ்ச நேரத்துக்குள்ள மத்ததைச் செஞ்சாகணும். பொட்டாசியத்தை ரத்தத்துல இருந்து செல்லுக்குள்ள தள்ள இன்சுலின் 10 யூனிட், அதுல சுகர் எறங்கிடாம இருக்க 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி, கூடவே சால்பியூட்டமால் நெபுலைசேஷன். அதுக்குள்ள லேப்ல இருந்து போன்: பொட்டாசியம் 7.4.

நார்மல் 3.5ல இருந்து 5 வரைக்கும். 7.4னு வந்தா எந்த லேப்காரரும் மொதல்ல கேக்கறது சாம்பிள் ஹீமோலைஸ் ஆயிடுச்சான்னுதான், ஏன்னா ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைஞ்சா உள்ள இருக்கற பொட்டாசியம் வெளிய கொட்டி நம்பர் பொய்யா ஏறும். அடுத்த கையில இன்னொரு சாம்பிள் எடுத்து அனுப்பினாங்க, 7.2. உண்மைதான். கிட்னி தளர்ந்தா ஏறற கிரியேட்டினின் 2.3, ரத்தத்துல அமிலம் கூடினா எறங்கற பைகார்பனேட் 17. பாண்டில இருக்கற கிட்னி டாக்டர்கிட்ட போன்ல பேசி டயாலிசிஸுக்கு எடம் சொல்லி வெச்சிருந்தாங்க, ஆனா ஐயாவுக்கு யூரின் போயிட்டிருந்துச்சு, ரெண்டு மணி நேரத்துல ஈசிஜியும் எறங்கி வந்துச்சு, அதனால தேவைப்படல. மத்தியானம் பொட்டாசியம் 6.1. மறுநாள் காலைல 5.3. ஐயா கட்டில்ல உக்காந்து பேப்பர் படிச்சாரு.

பழைய கதை: சுகர் 17 வருஷமா, பிபி 12 வருஷமா. ரெண்டு வருஷம் முன்னாடி மாரடைப்பு, அதுக்கப்புறம் இதயத்தோட பம்பிங் 35 சதவீதம். டெல்மிசார்டான் 40, ஸ்பைரோனோலாக்டோன் 25, மெட்டோப்ரோலால், மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, ஆஸ்பிரின், கொலஸ்ட்ரால் மாத்திரை. பிப்ரவரில எடுத்த ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.6, அதாவது கிட்னி வடிகட்டற அளவு 47 கிட்ட, பொட்டாசியம் 4.9. மேல் எல்லையை ஒட்டி நடந்துட்டிருந்த மனுஷன்தான், ஆனா மூணு மாசமா எந்த தொந்தரவும் இல்ல.

இந்த எடத்துல கொஞ்சம் விளக்கிடறேன், இல்லன்னா பின்னாடி வர்றது புரியாது. நம்ம உடம்புல இருக்கற பொட்டாசியத்துல 98 சதவீதம் செல்லுக்குள்ளதான், ரத்தத்துல இருக்கறது மீதி ரெண்டு சதவீதம் சொச்சம். அந்த ரெண்டு சதவீதம் கொஞ்சம் ஏறி எறங்கினாலும் இதயத்துக்குப் பொறுக்காது. சாப்பிடற பொட்டாசியத்துல பத்துல ஒம்போது பங்கை வெளிய தள்றது கிட்னி, தள்ளுன்னு சொல்றது ஆல்டோஸ்டீரோன்ங்கற ஹார்மோன். டெல்மிசார்டான் அந்த ஹார்மோன் சுரக்கறதைக் குறைக்கும், ஸ்பைரோனோலாக்டோன் அது வேலை செய்யற எடத்துலயே போய் வழி மறிச்சு உக்காந்துக்கும். ரெண்டும் இதயத்துக்கு நல்லது, அதுல ரெண்டு பேச்சே இல்ல. ஆனா கதவு ரெண்டு பக்கமும் பாதி சாத்தியிருக்கு, உள்ள வர்ற கூட்டம் அதே அளவு இருக்கற வரைக்கும்தான் சமாளிக்கும்.

சரி, கூட்டம் எப்படி கூடுச்சு? ட்யூட்டி டாக்டர் மொதல் நாளே கேட்டாரு, "வேற மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதாவது?" ஐயாவோட பையன் உடனே சொன்னாரு, "நோனி ஜூஸ் சார். எங்க சித்தி குடுத்தாங்க."

அந்த நிமிஷமே கேஸ் முடிஞ்ச மாதிரி ஆயிடுச்சு. சித்தி ஆள் சேத்து விக்கற நெட்வொர்க் வியாபாரத்துல இருக்காங்களாம், காலைல 30 மில்லி, ராத்திரி 30 மில்லி, சுகர் கொறையும், மூட்டு வலி போகும், கிட்னி ஸ்ட்ராங் ஆகும். பாட்டில் விலையைக் கேட்டா நமக்கு மயக்கம் வரும். நோனிங்கறது நம்ம ஊரு நுணா மரத்தோட பங்காளி மரந்தான். டாக்டர் சந்தேகப்பட்டதுலயும் நியாயம் இருக்கு, 2000-ல ஒரு கிட்னி ஜர்னல்ல வந்த கேஸ் ரிப்போர்ட் எங்க ஃபீல்டுல கொஞ்சம் பேமஸ், பொட்டாசியம் கொறைஞ்ச டயட்டுலதான் இருக்கேன்னு சொன்ன கிட்னி நோயாளிக்கு பொட்டாசியம் ஏறிடுச்சு, தோண்டிப் பாத்தா நோனி ஜூஸ், அதை டெஸ்ட் பண்ணா லிட்டருக்கு 56 மில்லிமோல் (பொட்டாசியத்துல ஒரு மில்லிமோல்னா 39 மில்லிகிராம்), ஏறக்குறைய ஆரஞ்சு ஜூஸ், தக்காளி ஜூஸ் அளவு. பையன் வார்டுக்கு வெளிய நின்னு சித்திக்கு போன் போட்டு கிழிச்ச கிழி மாடி வரைக்கும் கேட்டுச்சு.

கேஸ் ஷீட்ல "நோனி ஜூஸ்"னு எழுதி அடிக்கோடு போட்டாங்க. மூட்டு வலிக்கு ஆறு நாளா மெடிக்கல்ல வாங்கி டைக்ளோபினாக் போட்டிருந்ததும் அப்பத்தான் வெளிய வந்துச்சு, அது கிட்னிக்குப் போற ரத்தத்தைக் குறைக்கும், கிரியேட்டினின் 1.6ல இருந்து 2.3க்கு ஏறினதுக்கு அது பெரிய காரணம். நோனி நிறுத்தியாச்சு, டைக்ளோபினாக் நிறுத்தியாச்சு, டெல்மிசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் ரெண்டையும் தற்காலிகமா நிறுத்தியாச்சு. மூணாம் நாள் டிஸ்சார்ஜ்னு பேச்சு.

மூணாம் நாள் காலைல பொட்டாசியம் 5.9.

எறங்கினது திரும்ப ஏறுது. பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ்ல, "இன்சுலின் போட்டு செல்லுக்குள்ள தள்ளினதுதான் வெளிய வருது, ரீபவுண்ட்"னாரு. வரும்தான், இன்சுலின் எதையும் உடம்பை விட்டு வெளியேத்தாது, ஒளிச்சு வைக்கும், சில மணி நேரத்துல திரும்பி வரும். ஆனா அது மொதல் நாள் ராத்திரியே வந்திருக்கணும், 48 மணி நேரம் கழிச்சு, அதுவும் பொட்டாசியத்தைக் குடல்லயே பிடிச்சு வெளியேத்தற பைண்டர் பவுடர் குடுத்துட்டிருக்கும்போது ஏறணுமான்னு எனக்கு உறுத்தலா இருந்துச்சு. நான் டாக்டர் இல்ல, வாய மூடிக்கிட்டு டயட் ஷீட்டை எடுத்துப் பாத்தேன். பொட்டாசியம் கொறைஞ்ச டயட், கிச்சன்ல இருந்து மூணு வேளையும் போயிருக்கு, கீழ சிஸ்டர் பேனாவால கிறுக்கியிருக்காங்க: "எடுக்கல, வீட்டு சாப்பாடு."

நேரா ரூமுக்குப் போனேன். ஐயாவோட வீட்டுக்காரம்மா டிபன் கேரியரைப் பிரிச்சிட்டிருந்தாங்க. மேல் அடுக்குல பீன்ஸ் பொரியல், நடுவுல ரசம், கீழ குழைஞ்ச சாதம். பத்தியச் சாப்பாடுதான், பாத்தா யாரும் குத்தம் சொல்ல முடியாது. எங்க கிச்சன் சாப்பாடு ஏன் சாப்பிடலன்னு கேட்டேன்.

"சப்புன்னு இருக்குன்னு ஒதுக்கிட்டாரு மேடம். அதான் நானே அந்த நல்ல உப்பு போட்டு செஞ்சு எடுத்தாறேன்."

"நல்ல உப்புன்னா என்ன உப்புமா?"

"நீங்க சொன்னதுதான் மேடம். பிபிக்கு நல்லதுன்னு பேப்பர்ல குடுத்தீங்களே."

எனக்கு வயித்துல என்னமோ பண்ணுச்சு. பையன்கிட்ட, "தம்பி, வீட்டுக்குப் போயி அடுப்பங்கரைல ஐயா வாய்க்குள்ள போற எல்லாத்தையும் அள்ளிட்டு வாங்க, மருந்துன்னு பாக்காதீங்க, உப்பு, பொடி, பானம் எல்லாம்"னேன். ஒரு மணி நேரத்துல மஞ்சப்பை வந்துச்சு. டேபிள்ல பரப்பினோம்: பாதி காலியான நோனி பாட்டில், முருங்கைக்கீரைப் பொடி டப்பா, சத்துமாவு, நீல மூடி போட்ட பிளாஸ்டிக் உப்பு ஜாடி, கூடவே பிரிக்காத ஒரு கிலோ உப்பு பாக்கெட். ஜாடில இருந்த உப்போட பாக்கெட் கவரைக் கொட்டின அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு, யாரு வெச்சிருப்பா. புது பாக்கெட்டைத் திருப்பிப் பாத்தேன். முன்னாடி பெரிசா "சோடியம் குறைந்தது". பின்னாடி சின்ன எழுத்துல சோடியம் குளோரைடு 70 சதவீதம், பொட்டாசியம் குளோரைடு 30 சதவீதம், அதுக்கும் கீழ மடிப்புல பாதி மறைஞ்சு, சிறுநீரகக் கோளாறு உள்ளவங்க டாக்டரைக் கேட்டு பயன்படுத்தணும்னு ஒரு வரி.

உக்காந்து கணக்கு போட்டேன். வீட்டுல சாப்பிடறது மூணு பேர். ஒரு கிலோ பாக்கெட் 25 நாள் வருதாம், அதாவது ஒரு நாளைக்கு 40 கிராம், ஆளுக்கு 13. வடிகஞ்சியோட போறது, மீன் அலசறதுல போறது எல்லாம் கழிச்சு ஐயாவுக்குள்ள 10 கிராம்னு வெச்சுக்கிட்டேன். அதுல 3 கிராம் பொட்டாசியம் குளோரைடு. எடையில பாதிக்கு மேல, 52 சதவீதம், பொட்டாசியந்தான். ஏறக்குறைய 1570 மில்லிகிராம், 40 மில்லிமோல்.

காலைல சில்வர் பீச்ல வாக்கிங் முடிச்சுட்டு தெனமும் ஒரு இளநீர். அதுல 100 மில்லிக்கு 200 மில்லிகிராம் சுமார், 300 மில்லின்னா 600, அதாவது 15 மில்லிமோல். முருங்கைப்பொடி ரெண்டு ஸ்பூன், 10 கிராம், அதுல 130 மில்லிகிராம் கிட்ட, மூணரை மில்லிமோல் கூட இல்ல. நோனி 60 மில்லி, அந்த 56 கணக்குப்படி போட்டா அதுவும் மூணரைக்குள்ளதான்.

நோனியும் முருங்கையும் சேத்தா 7. இளநீர் 15. உப்பு 40. அடிக்கோடு தப்பான எடத்துல விழுந்திருக்கு.

நோனி சித்தி சொன்ன மாதிரி கிட்னியை ஸ்ட்ராங்கும் ஆக்கல, நாங்க நெனச்ச மாதிரி காலையும் வாரல. அதோட பாட்டில்லயே "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு அச்சடிச்சிருக்கு, சித்திக்கு அது தெரியவே தெரியாது. 2016-ல எஃப்எஸ்எஸ்ஏஐ, அதாவது நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்பு, நியூட்ராசூட்டிகலுக்கு (உடம்புக்கு நல்லதுன்னு விக்கற இந்த மாதிரி சத்துப் பொருளுக்கு) கொண்டு வந்த விதிமுறை இப்படிப் போடச் சொல்லுது, 2018 ஜனவரில இருந்து அமல். 14 இலக்க லைசென்ஸ் நம்பர் இருந்தா "கவர்மெண்டே ஒத்துக்கிட்டது"ன்னு காமிக்கறாங்க, அந்த நம்பர் உணவு வியாபாரம் பண்ண லைசென்ஸ், நோய் தீரும்னு சர்டிபிகேட் இல்ல. காசு போச்சு, அது வேற வருத்தம்.

ஏன் ஒரு ஆளுக்கு 13 கிராம் வரைக்கும் போச்சுன்னு அம்மாகிட்ட கேட்டேன், ஏன்னா உலக சுகாதார நிறுவனம் சொல்றது நாளைக்கு 5 கிராமுக்குள்ள. "இந்த உப்பு பத்தவே மாட்டேங்குது மேடம், ஒரு ஸ்பூனுக்கு ஒன்றரை ஸ்பூன் போட்டாத்தான் ருசி வருது. நல்ல உப்புதானே, கூடப் போட்டா என்னன்னு போட்டேன்." ஜாடில இருந்து ஒரு சிட்டிகை எடுத்து நாக்குல வெச்சுப் பாத்தேன். மொதல்ல உப்பு, அப்புறம் அடிநாக்குல லேசா ஒரு கசப்பு. பொட்டாசியம் குளோரைடு அப்படித்தான், கரிப்பு கொறைவு, கசப்பு கூட. ஐயாவுக்கு மோருல ஒரு சிட்டிகை தனியா வேற.

இப்ப என் கதை. பிப்ரவரில ரத்த அழுத்தத்துக்கு ஒரு டயட் கிளாஸ் நடத்தினேன், அம்மா வந்திருந்தாங்க, அவங்களுக்கும் பிபி, அம்லோடிபின் போடறாங்க. வந்தவங்களுக்கெல்லாம் ரெண்டு பக்கம் எழுதின தாள் குடுத்தோம். மொதல் பக்கத்துல "சோடியம் குறைந்த உப்பு பயன்படுத்தலாம்". பின்பக்கத்துல "கிட்னி கோளாறு உள்ளவங்களும் ஸ்பைரோனோலாக்டோன் மாதிரி மாத்திரை எடுக்கறவங்களும் இந்த உப்பு வேண்டாம்". நூறு காப்பி ஜெராக்ஸ் எடுத்தவங்க ஒரு பக்கம்தான் போட்டிருக்காங்க. பின்பக்கம் வெள்ளை. நான் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு தாளையாவது திருப்பிப் பாத்திருக்கணும், பாக்கல. ஜெராக்ஸ் போட்டவர் மேல கோவப்பட்டு என்ன ஆகப்போகுது, எச்சரிக்கையைப் பின்பக்கம் தள்ளினதே நாந்தான். பாக்கெட்காரன் மடிப்புல ஒளிச்சான்னு மேல எழுதினேன், நானும் அதைத்தான் செஞ்சிருக்கேன்.

அம்மா தாளைப் பத்திரமா வெச்சு, மார்ச்சுல இருந்து வீடு மொத்தத்துக்கும் உப்பை மாத்திட்டாங்க. சொன்ன பேச்சைக் கேட்டவங்க அவங்க ஒருத்தங்கதான், தண்டனை அவங்க வீட்டுக்கு.

அன்னைக்கு மத்தியானத்துல இருந்து வீட்டுச் சாப்பாடு நிறுத்தம். எங்க கிச்சன்ல சாதா உப்பு அளந்து போட்டு, காயை நறுக்கி தண்ணில வேக வெச்சு வடிச்சு, கொஞ்சம் எலுமிச்சை, மிளகு, பூண்டு தூக்கலா போட்டுக் குடுத்தோம், முணுமுணுத்துட்டே சாப்பிட்டாரு. அஞ்சாம் நாள் பொட்டாசியம் 4.8. ஏழாம் நாள் கிரியேட்டினின் 1.7. டிஸ்சார்ஜ்.

கறாரா பாத்தா இது நூறு சதவீத நிரூபணம் இல்ல, அதையும் சொல்லணும். மூணாம் நாள் ஏறினதுல ரீபவுண்டோட பங்கு கொஞ்சம் இருக்கலாம், எறங்கினதுல மாத்திரை நிறுத்தினதும் கிட்னி தேறினதும் இருக்கு. டைக்ளோபினாக் இல்லாம இருந்திருந்தா இந்த உப்போடயே இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருப்பாரோ என்னவோ. ஆனா டைக்ளோபினாக், ஸ்பைரோனோலாக்டோன், டெல்மிசார்டான், நோனி, இளநீர் அஞ்சும் நின்னப்புறமும் ஏறினது ஒரு தடவை, அப்ப உள்ள போயிட்டிருந்தது அந்த உப்பு மட்டும். எனக்கு அது போதும்.

இதைப் படிச்சுட்டு யாராவது அந்த உப்பைக் குப்பைல போட்டா நான் எழுதினதே வீண். 2021-ல வெளியான சீன ஆய்வு ஒண்ணு இருக்கு, 600 கிராமம், 20,995 பேர், பாதி கிராமத்துக்கு 75 பங்கு சோடியம் குளோரைடு, 25 பங்கு பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பு, மீதி கிராமத்துல வழக்கமான உப்பு. ஏறக்குறைய அஞ்சு வருஷம் பாத்தாங்க. பக்கவாதம் 14 சதவீதம் கொறைஞ்சது, சாவும் கொறைஞ்சது, பொட்டாசியம் ஏறினதால வந்த பெரிய ஆபத்து ரெண்டு பக்கமும் வித்தியாசம் இல்ல. ஒரு உப்பை மாத்தி இவ்வளவு கெடைக்குதுன்னா பாட்டில்ல விக்கற எந்த நியூட்ராசூட்டிகலும் பக்கத்துல நிக்க முடியாது. ஆனா அந்த ஆய்வுல சேக்கும்போதே, வீட்டுல யாருக்காவது கடுமையான கிட்னி நோய் இருந்தாலோ, பொட்டாசியத்தைப் பிடிச்சு வைக்கற மாத்திரை எடுத்தாலோ வேண்டாம்னு ஒதுக்கிட்டாங்க. அதாவது எங்க ஐயா வீடு அந்தக் கிராமத்துல இருந்திருந்தா ஆய்வுக்குள்ளயே வந்திருக்காது. 2025 ஜனவரில உலக சுகாதார நிறுவனம் இந்த மாதிரி உப்பைப் பயன்படுத்தலாம்னு சொன்னப்பவும் கிட்னி கோளாறு உள்ளவங்களை விட்டுட்டுத்தான் சொன்னாங்க. ஆய்வுல ஆளை வடிகட்டி எடுக்கறாங்க, மளிகைக் கடைல யாரு வடிகட்டறது?

மாத்திரைலயும் இதே கதை நடந்திருக்கு. ஸ்பைரோனோலாக்டோன் இதயம் தளர்ந்தவங்க உயிரைக் காப்பாத்துதுன்னு 1999-ல பெரிய ஆய்வு வந்துச்சு, எல்லா டாக்டரும் எழுத ஆரம்பிச்சாங்க. கனடாவுல ஒன்டாரியோவுல பாத்தா, இதயம் தளர்ந்து ஏற்கெனவே சிகிச்சைல இருந்த வயசானவங்கள்ல பொட்டாசியம் ஏறி அட்மிட் ஆனவங்க 1994-ல ஆயிரத்துக்கு 2.4, 2001-ல ஆயிரத்துக்கு 11. மருந்து கெட்டதா? இல்ல, ஆய்வுல இருந்த அளவுக்கு வெளிய யாரும் ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பாக்கல.

நியூட்ராசூட்டிகல்ங்கற வார்த்தையை 1989-ல உண்டாக்கினவர் ஸ்டீபன் டிஃபெலிஸ்னு ஒரு அமெரிக்க டாக்டர், ஊட்டச்சத்து பாதி, மருந்து பாதின்னு ரெண்டையும் ஒட்ட வெச்ச வார்த்தை. வீட்டுல யாரும் அப்படி ஒட்ட வெச்சுப் பாக்கறதில்ல. பாட்டில்ல வந்தா மருந்து, ஜாடில இருந்தா சாப்பாடு. அதான் "வேற மருந்து எதாவது?"ன்னு கேட்டதுக்கு பையன் நோனின்னாரு, உப்புன்னு சொல்லல, அவர் பொய் சொல்லல, கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். இளநீரையும் யாரும் சொல்லல, கத்திரி வெயில்ல இளநீர் குடிக்கறதை டாக்டர்கிட்ட யாராவது சொல்லுவாங்களா. இப்பல்லாம் நான் அப்படிக் கேக்கறதில்ல. "இந்த மூணு மாசத்துல அடுப்பங்கரைல புதுசா என்ன வந்துச்சு, எதை நிறுத்தினீங்க?"ன்னு கேக்கறேன். போன வாரம் கூட ஒரு பாட்டி, "எண்ணெய் மாத்தினோம், குக்கர் மாத்தினோம், மருமவ மாறல"ன்னாங்க. அதெல்லாம் வரும், பரவால்ல.

பையன் கெளம்பும்போது கேட்டாரு, "அப்ப இந்துப்பு வாங்கிக்கலாமா மேடம்? கிட்னிக்கு நல்லதுன்னு வாட்ஸ்அப்ல வருது." இந்துப்பும் ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடுதான். பொட்டாசியம் பயம் கிடையாது, அதே மாதிரி சோடியமும் கொறையாது. விலைதான் கூட. சாதா அயோடின் உப்பையே அளவைக் கொறைச்சுப் போடுங்கன்னேன். இது ஒண்ணு யாரும் யோசிக்கறதில்ல, அந்த ரேஷன் கடை அயோடின் உப்பே செறிவூட்டின உணவுதான், எந்த விளம்பரமும் இல்லாம நம்ம கழுத்துல கழலை வராம பாத்துக்குது. மரக்காணத்துல இருந்து கருவாடு போடறதுக்கு வர்ற கல்லுப்பை வீட்டுக்கும் எடுத்துக்கற பழக்கம் தேவனாம்பட்டினம் பக்கம் சில வீட்டுல உண்டு, அதுல அயோடின் சேத்திருக்க மாட்டாங்க, அது தனியா எழுத வேண்டிய விஷயம்.

ரெண்டு வாரம் கழிச்சு ரிவ்யூ. பொட்டாசியம் 4.6, டெல்மிசார்டானை 20ல திரும்ப ஆரம்பிச்சிருந்தாங்க. ஆறு வாரத்துல ஸ்பைரோனோலாக்டோனும் பாதி டோஸ்ல வந்துச்சு, ஒரு வாரத்துல ரத்தம் பாக்கணும்ங்கற கண்டிஷனோட, அந்த இதயத்துக்கு அது வேணும். அதனால இதைப் படிக்கறவங்க அந்த மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க. மூட்டு வலிக்கு மெடிக்கல்ல போயி மாத்திரை கேக்கறதை மட்டும் நிறுத்துங்க.

அன்னைக்கு அம்மாவுக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். அதே மார்ச்சுல இருந்து அதே உப்பு, அதே குழம்பு, மூட்டு வலி மாத்திரை கூட அவர் ஸ்ட்ரிப்ல இருந்து ரெண்டு போட்டிருக்காங்க. கிரியேட்டினின் 0.8, பொட்டாசியம் 4.2. பிபி 150ல இருந்து 134க்கு எறங்கியிருக்கு, மாத்திரை எதுவும் மாத்தாம. ஒரே சட்டிச் சோறு சாப்பிட்ட ரெண்டு பேர்.

அந்த ரிப்போர்ட்டைப் பாத்துட்டு அம்மா கேட்டதுக்குத்தான் எனக்கு உடனே பதில் வரல: "அப்ப எனக்கு அந்த உப்பு நல்லது, இவருக்கு ஆகாது. சோறு, பொரியல் தனித்தனியா செஞ்சுடலாம், மீன் கொழம்பு எப்படி மேடம் ரெண்டு சட்டில வெக்கறது?" நான் யோசிச்சுட்டு இருக்கும்போதே அவங்களே சொல்லிட்டாங்க. வெள்ளை மூடி ஜாடில சாதா உப்பு, கொழம்புல அது பாதி அளவு மட்டும். நீல மூடி ஜாடி இனிமே அடுப்பு மேடைல இருக்காது, சாப்பாடு மேஜைல அவங்க தட்டுக்குப் பக்கத்துல. "இவரு கை நீட்டினா அடிப்பேன்"னாங்க. ஐயா என்னைப் பாத்தாரு, நான் தாளை ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டு அவர் கையில குடுத்தேன்.